லொறி வராத வழி

கருங்காலிமடு,
14.5.1963

அன்புள்ள அத்தானுக்கு,

நலம் விசாரித்து நாலு மாதமாக எழுதிக்கொண்டிருக்கிறேன். இரண்டு தபாலட்டை வந்தது. இரண்டிலும் மழை இல்லை என்று இருந்தது. ஆகவே இந்த முறை நலம் விசாரிக்கப் போவதில்லை. உங்கள் அக்கா அன்னபாக்கியம் மச்சாளின் சமையலில் அவாவின் தம்பி எப்படி இருப்பார் என்று எனக்குத் தெரியாதா?

தை மாதம் நான் இந்தப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றமாகிப் பஸ் ஏறியபோது, ஒரு மாதத்துக்குள் வந்து பார்ப்பதாகச் சொன்னீர்கள். லொறி விபத்து நடந்து ஒன்றரை வருடமாகிறது. அன்றிலிருந்து நீங்கள் சைக்கிளில் ஏறுவதில்லை, பஸ்ஸில் ஏறுவதில்லை, கந்தோர் வேலைக்குக்கூட லொறி நுழையாத சின்ன ஒழுங்கையால் நடந்துதான் போகிறீர்கள். அதை மறந்து நானும் தலையாட்டிவிட்டேன்.

இப்போது நிரப்பி அனுப்பச் சொல்லிக் கல்விக் கந்தோரிலிருந்து ஒரு பாரம் வந்திருக்கிறது. இந்தப் பள்ளிக்கூடத்தில் நிரந்தரமாக இருக்க விருப்பமா, வவுனியாவுக்குத் திரும்ப விருப்பமா என்று ஜூலை 31ஆந் திகதிக்குள் எழுதிக் கையொப்பம் வைக்க வேண்டும். ஒளிக்காமல் சொல்கிறேன். அதற்குள் நீங்கள் ஒருமுறை வந்து, என் முகத்தைப் பார்த்து, "வா" என்று சொன்னால் வருவேன். வராவிட்டால் நிரந்தரம் என்று எழுதிவிடுவேன். பிறகு நாங்கள் தபாலட்டையில் மாத்திரம் புருஷன் பெண்சாதி.

லொறி ஓடுகிற வீதியில் வரச் சொல்லவில்லை. வேறு வழி ஒன்று இருக்கிறது. கச்சு முகம்மது நானா என்று ஒருவர் சைக்கிளில் சீலைப் பொட்டணி கட்டிக்கொண்டு மாதம் இரண்டு தரம் வவுனியாவிலிருந்து இங்கே வருகிறார். பஸ்ஸே இல்லாத நாளில் எப்படி வந்தீர்கள் என்று கேட்டேன். "நான் இருபது வரிசமா கட்டு வழியாலதான் வாறன் ரீச்சர். லொறியும் இல்ல, காரும் இல்ல. ஒரு குளக்கட்டால ஏறி மற்றக் குளக்கட்டால இறங்கிறதுதான்" என்றார். ஐந்து குளங்கள், இடையில் காடு, ஒரு கல்மலை. மொத்தம் இருபத்துநாலு மைல். சந்தையிலிருந்து வீடு போகிற மாட்டுவண்டியைத் தவிர எதிரே ஒன்றும் வராதாம்.

வழியை விபரமாகக் கேட்டு அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன். சுவரில் கொழுவியிருக்கும் சைக்கிளைத் துடைத்து வையுங்கள்.

இப்படிக்கு,
பத்மாசனி

*

வவுனியா,
22.5.1963

பத்மாசனிக்கு,

உமது கடிதம் கிடைத்தது. இங்கே யாவரும் சுகம். அக்காவுக்கு முழங்கால் நோ. மழை இல்லை.

நிற்க. நீர் குறிப்பிட்ட வழியை எங்கள் நில அளவைக் கந்தோரில் உள்ள மைலுக்கு ஒரு அங்குலப் படத்தில் பார்த்தேன். அப்படியொரு வழி இல்லை. குளங்கள் இருக்கின்றன. அவற்றுக்கிடையில் காடு என்று பச்சை நிறம் அடித்திருக்கிறது. நான் பதினொரு வருடம் படவரைஞராக இருப்பவன். படத்தில் இல்லாத வழியில் ஒரு சீலை வியாபாரியின் பேச்சை நம்பி இறங்க முடியாது.

நிற்க. நாலு மாதமாக வரும் கடிதங்களைப்போல இதன் கையெழுத்தும் உம்முடையது அல்ல. உமது எழுத்து எனக்குத் தெரியும். இது சிறுபிள்ளை எழுத்துப்போல் இடப்பக்கம் சாய்ந்து கிடக்கிறது. எங்கள் குடும்ப விஷயத்தை வேறொருவரிடம் சொல்லி எழுதுவிப்பதாயின், எழுதாமலே விடலாம். தபாலட்டையில் புருஷன் பெண்சாதி என்ற வசனத்தை எழுதியவர் எப்படிச் சிரித்திருப்பார் என்று நினைத்துப் பார்த்தேன்.

நிற்க. பாரத்தை உமது விருப்பப்படி செய்யவும். அக்கா சொல்லச் சொன்னது: "போனவளுக்கு வரத் தெரியும், நீ ஏன் அலையிறாய்?"

இப்படிக்கு,
க. கதிர்காமநாதன்

*

கருங்காலிமடு,
30.5.1963

அன்புள்ள அத்தானுக்கு,

ஒருவரிடமும் சொல்லி எழுதுவிக்கவில்லை. இது என் எழுத்துத்தான். இடது கை.

விபத்துக்குப் பிறகு வைத்தியசாலையில் மாவுக்கட்டு வெட்டியபோது வலது கை எலும்பு கோணலாகப் பொருந்திவிட்டது என்று சொன்னது உங்களுக்கும் தெரியும். அந்தக் கை சோறு குழைக்கும், விளக்குமாறு பிடிக்கும். வெண்கட்டியை ஐந்து நிமிஷத்துக்கு மேல் பிடிக்காது. வவுனியாவில் என் வகுப்புப் பிள்ளைகள் கரும்பலகையைப் பார்த்து "இது என்ன எழுத்து ரீச்சர்?" என்று கேட்கத் தொடங்கினார்கள். வீட்டில் நீங்கள் சோறு வாங்கும்போது என் கையைப் பார்க்காமல் கோப்பையை மாத்திரம் பார்ப்பீர்கள். நான் பக்கத்தில் வந்தால் முகத்தை யன்னல் பக்கம் திருப்புவீர்கள். கோணல் கை உங்களுக்கு அருவருப்பு என்று நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். இல்லையென்றால் சொல்லுங்கள்.

அதனால்தான் ஒருவருக்கும் என்னைத் தெரியாத இந்த ஊரைக் கேட்டு வாங்கினேன். இங்கே முதலாம் வகுப்புப் பிள்ளைகளோடு நானும் அரிவரி எழுதினேன். அவர்கள் "அ" எழுதிய நாளில் நானும் எழுதினேன். இப்போது அவர்களைவிட நான் கொஞ்சம் முன்னுக்கு.

சரி, வழிக்கு வருகிறேன். உங்கள் படம் கீறியவர் மாரியில் வந்திருப்பார். வழி தண்ணீருக்குள் இருந்திருக்கும். இது கோடை.

உங்கள் ஒழுங்கையால் வந்து கண்டி வீதியை ஒரேயொரு தரம் கடக்க வேண்டும். அங்கால் ஆஸ்பத்திரிக்குப் பின்புறம் வண்டிப்பாதை. இரண்டு மைலில் புளியடிக்குளம். கட்டில் ஏறினால் காற்று நன்றாயிருக்கும் என்கிறார் நானா. இரண்டாவது தாமரைமோட்டை, அது சின்னது, ஐந்து நிமிஷத்தில் முடிந்துவிடும். அங்கே காடு தொடங்குகிற வாசலில் வீரமரத்தடியில் ஒரு பிள்ளையார் கல். ஒரு குழை முறித்து வைத்துவிட்டுப் போங்கள். எல்லாரும் வைப்பார்கள், நானாவும் வைப்பார். பிறகு கற்படிமலை. ஏறுகிற பக்கம் சைக்கிளை உருட்ட வேண்டும், இறங்குகிற பக்கம் மிதிக்கவே தேவையில்லையாம். மலைக்கு ஏறக் கல்லில் படி வெட்டியிருக்கிறது. மேலே தூண்களும் பழைய செங்கல்லும் எழுத்து வெட்டின கல்லும் கிடக்கிறதாம். எந்த இராசா என்று கேட்டால் ஆளுக்கொரு பேர் சொல்கிறார்கள். உங்களுக்குப் பழைய கல் என்றால் பைத்தியமாயிற்றே.

மூன்றாவது விளாங்குளம். இதைக் கவனமாக வாசியுங்கள். அங்கே பின்னேரம் பெரியவர் நிற்பார். அவரைக் கண்டவுடன் சைக்கிளால் இறங்கித் தள்ளி நில்லுங்கள். அவர் போன பிறகுதான் நீங்கள் போக வேண்டும். மணி அடிக்க வேண்டாம். வெள்ளை வேட்டி உடுத்து வராதீர்கள், அவருக்குப் பிடிக்காது. கோபக்காரர்தான். ஆனால் மரியாதை கொடுத்தால் ஒன்றும் செய்யமாட்டார்.

நாலாவது இரட்டைத்துரிசுக்குளம், தண்ணீர் திறந்துவிடும் துரிசு அங்கே இரண்டு. அதன் கட்டால் இறங்கினால் எங்கள் குளம் தெரியும். கட்டின் கீழே நீல யன்னல் வீடு என்னுடையது.

பத்மாசனி

*

வவுனியா,
12.6.1963

பத்மாசனிக்கு,

கடிதம் கிடைத்தது. கை விஷயம் வாசித்தேன்.

நிற்க. உமது தகப்பனாரைப் பற்றி எழுதியதற்குப் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை. உங்கள் வீட்டில் எல்லாரும் அவரைப் "பெரியவர்" என்றுதான் சொல்வீர்கள் என்பது எனக்குத் தெரியும். முள்ளியவளையில் இருக்கும் மனுஷனுக்கு விளாங்குளத்தில் பின்னேரம் என்ன வேலை? வயல் வாங்கிவிட்டாரா? வாங்கட்டும். அதற்காக நான் பதினைந்து மைல் மிதித்து வந்து, அவரைக் கண்டதும் இறங்கி, கைகட்டித் தள்ளி நின்று, அவர் போன பிறகுதான் போக வேண்டுமா? மணி அடிக்கக் கூடாதாம். வெள்ளை வேட்டி உடுக்கக் கூடாதாம். மாமனாரைப் பார்க்கச் சாரத்தோடா போவது?

வைத்தியசாலை விறாந்தையில் நாலு பேருக்கு முன்னால் அவர் கேட்டது இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. "பெண்சாதியைச் சைக்கிள் பாரிலை ஏத்திக்கொண்டு திரிய நீர் என்ன பொடியனே?" என்று கேட்டார். நான் மருந்துத் துண்டை எடுத்துக்கொண்டு விறாந்தையை விட்டு இறங்கினேன். அந்த மனுஷன் வழியில் நின்று என்னை இறக்குவாராயின், நான் அந்த வழியால் வரமாட்டேன்.

நிற்க. அக்காவின் முழங்கால் நோ அப்படியே இருக்கிறது.

நிற்க. சைக்கிளைத் துடைத்தேன். வீட்டில் தூசி பிடித்த சாமான் இருப்பது அக்காவுக்குப் பிடிக்காது, அதனால்.

க. கதிர்காமநாதன்

*

கருங்காலிமடு,
19.6.1963

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் கடிதத்தை வாசித்துவிட்டுக் குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். பக்கத்து அறையில் இருக்கும் ஜெகதீஸ்வரி ரீச்சர் நான் அழுகிறேன் என்று நினைத்துத் தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்தா. "என்னப்பா, செத்தவீடோ? ஆரும் மோசம் போட்டினமோ?" என்று கேட்டா. வாயைத் திறந்தால் சிரிப்பு வரும் என்று தலையை மாத்திரம் ஆட்டினேன். பாவம், அவா இரண்டு நாள் எனக்குச் சீனி கூடுதலாகப் போட்டுத் தந்தா.

அத்தான், ஐயா முள்ளியவளையில் வாதக் காலை நீட்டிக்கொண்டு கதிரையில் இருக்கிறார். விளாங்குளத்தில் அவருக்கு ஒரு பிடி மண்கூட இல்லை.

நீங்கள் யாழ்ப்பாணத்தில் பிறந்தவர். நான் வன்னிப் பெண். பிழை என்னுடையதுதான். எங்கள் பக்கம் காட்டுக்குள் போகிறவர்கள் அவருடைய பேரைச் சொல்லமாட்டார்கள். சொன்னால் கூப்பிட்டது என்று வந்துவிடுவாராம். பெரியவர் என்போம். எழுதினாலும் வருவாரா என்று எனக்குத் தெரியாது, சோதித்துப் பார்க்கவும் துணிவில்லை. ஆகவே அடையாளம் சொல்கிறேன். காது இரண்டும் சுளகு. கை ஒன்றுதான், அது முகத்தில் இருக்கிறது. நீங்கள் நாள்தோறும் விடிய எழும்பித் தோப்புக்கரணம் போடுகிறீர்களே ஒரு சாமிக்கு, அவருக்கு இவருடைய முகம். விளங்குகிறதா?

இனி வெள்ளை வேட்டி உடுத்து மணி அடித்துக்கொண்டு வர விருப்பமென்றால் வாருங்கள்.

சிரித்து முடிந்த பிறகு கடிதத்தை இன்னொரு தரம் வாசித்தேன். அப்போது சிரிப்பு வரவில்லை. செய்யாத குற்றத்துக்கு ஐயாமேல் முழுப் பக்கம் கோபம் எழுதியிருக்கிறீர்கள். என் கைக்கு ஒரே வசனம். "கை விஷயம் வாசித்தேன்." அருவருப்பா இல்லையா என்று கேட்டிருந்தேன். வகுப்பில் பிள்ளை பதில் எழுதாமல் விட்டால் நான் அதற்குச் சைபர் போடுவேன்.

இன்னொன்று. உங்கள் இரண்டு கடிதத்திலும் ஆறு "நிற்க" இருக்கிறது. எண்ணிப் பார்த்தேன். ஒரு "வருகிறேன்" இல்லை. நிற்க, நிற்க என்று எழுதிக்கொண்டு அங்கேயே நிற்கிறீர்கள்.

இங்கே பாலைப்பழம் தொடங்கிவிட்டது. பிள்ளைகள் பை நிறையக் கொண்டுவந்து தருகிறார்கள். இரண்டு பழத்துக்கு மேல் தின்றால் பால் பட்டு உதடு ஒட்டிப்போகும், படிப்பிக்க முடியாது. நீங்கள் வந்தால் தின்றுவிட்டு ஒன்றும் பேசாமல் இருக்கலாம். உங்களுக்கு வசதி.

பாரம் அனுப்ப இன்னும் ஆறு கிழமை இருக்கிறது.

பத்மாசனி

*

வவுனியா,
5.7.1963

பத்மா,

இந்தக் கடிதத்தை வாசித்தபின் கிழித்துவிட வேண்டும்.

பெரியவர் விஷயத்தில் எனக்கு வெட்கம். கந்தோரில் பரமலிங்கம் என்று நெடுங்கேணிப் பக்கத்துப் பியோன் ஒருவர் இருக்கிறார். அவரிடம் மெல்ல விசாரித்தேன். "அவரோ? அவரை மதிச்சா அவரும் மதிப்பார் ஐயா. லொறிக்காரனைப் போலையே?" என்றார். அன்று முழுவதும் அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். அவர் ஹோர்ன் அடித்துக்கொண்டு பின்னால் வரமாட்டார் அல்லவா? எனக்கு அது போதும்.

சைக்கிளைச் சுவரிலிருந்து இறக்கிவிட்டேன். இரண்டு ரியூப்பும் மாற்றினேன். உமது வழியில் எனக்கு மிகவும் கஷ்டமான இடம் காடும் அல்ல மலையும் அல்ல. "கண்டி வீதியை ஒரேயொரு தரம் கடக்க வேண்டும்" என்று ஒரு வரியில் எழுதியிருந்தீர். அந்த இடத்தில் வீதி இருபத்துநாலு அடி அகலம். எங்கள் கந்தோர் நாடாவால் அளந்தேன். மூன்று நாள் விடியற்காலையில் சைக்கிளோடு போய் நின்றேன். மூன்று நாளும் திரும்பி வந்தேன். லொறி ஒன்றும் வரவில்லை. வரும் வரும் என்று நின்றேன்.

இனிச் சொல்லப்போவது ஒருவருக்கும் தெரியாதது. அன்று லொறி எங்களை இடிக்கவில்லை. தொடக்கூட இல்லை. பின்னால் ஹோர்ன் சத்தம் கேட்டது. நான் பயந்து கைபிடியைச் சடாரென்று திருப்பினேன். நான்தான் விழுத்தினேன். லொறிக்காரன் தன் பாட்டில் போனான். உம்முடைய கை உம்முடைய உடம்புக்குக் கீழே மடங்கிக் கிடந்தது. ஆட்கள் ஓடி வந்து "லொறி தட்டினதோ?" என்று கேட்டார்கள். நான் ஓம் என்றேன். பொலிஸிலும் ஓம் என்றேன். உமது தகப்பனார் விறாந்தையில் கேட்டபோது அவருக்கு உண்மை தெரிந்துவிட்டது என்று நினைத்தேன்.

நீர் கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான். அருவருப்பு இல்லை. அந்தக் கையைப் பார்க்கும்போதெல்லாம் அது என்னைப் பார்த்து "நீதானே" என்று சொல்வதுபோல் இருந்தது. அதனால் யன்னலைப் பார்த்தேன். நீர் வேறு விதமாக நினைப்பீர் என்று எனக்குத் தோன்றவே இல்லை. நான் பெரிய மடையன்.

இதை அறிந்தபின் பாரத்தில் என்ன எழுதினாலும் நான் குறை சொல்லமாட்டேன்.

கதிர்காமநாதன்

*

கருங்காலிமடு,
11.7.1963

அன்புள்ள அத்தான்,

கடிதத்தைக் கிழிக்கவில்லை. கிழிக்கவும் மாட்டேன்.

லொறி தொடவில்லை என்பது ஒருவருக்கும் தெரியாது என்று எழுதியிருக்கிறீர்கள். அத்தான், பாரில் இருந்தது யார்? உங்களுக்கு முன்னால், உங்கள் இரண்டு கைக்கும் நடுவில் இருந்தவள் நான். கைபிடி திரும்பினது எனக்குத் தெரியாதா? விழுந்து கிடந்தபடியே லொறியின் பின்பக்கம் நேராகப் போவதைப் பார்த்தேன். நெல்லு மூட்டைக்கு மேல் ஒருவன் படுத்திருந்ததுகூட ஞாபகம் இருக்கிறது.

லொறி தட்டினது என்று ஐயாவிடம் முதலில் சொன்னது நான். மயக்க மருந்து கொடுக்க முன்னமே சொன்னேன். உண்மை தெரிந்தால் அவர் உங்களை ஏசுவார் என்று தெரிந்து சொன்னேன். அப்படியும் ஏசினார், அது அவருடைய குணம்.

ஒன்றரை வருடமாக நீங்கள் எனக்கு ஒளிக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியாது. நான் உங்களுக்காக மற்றவர்களுக்கு ஒளிக்கிறேன், அது உங்களுக்கும் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன். இரண்டு பேரும் ஒரே பொய்யைச் சொல்லிக்கொண்டு ஒரே வீட்டில் ஆளுக்கொரு யன்னலைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறோம். இதை நினைக்க எனக்குக் கோபம் வருகிறது, அழுகையும் வருகிறது. ஆனால் நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை இறங்கினது உண்மை. நேற்று நன்றாக நித்திரை கொண்டேன்.

உங்கள்மேல் எனக்குக் கோபம் விழுத்தினதுக்கு இல்லை. சத்தம் கேட்டால் யாரும் திரும்புவார்கள். விழுத்திவிட்டு என் பக்கம் திரும்பாமல் இருந்ததுக்குத்தான் கோபம். அதற்கு நேரில் வந்து ஏச்சு வாங்குங்கள்.

வீதியைச் சைக்கிளில் இருந்துதான் கடக்க வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை. உருட்டிக்கொண்டு கடவுங்கள். கச்சு முகம்மது நானா 20ஆந் திகதி சனிக்கிழமை விடிய வவுனியாவிலிருந்து புறப்படுகிறார். உங்கள் ஒழுங்கை முகப்பில் நிற்கச் சொல்லியிருக்கிறேன். புளியடிக்குளம் வரை கூட வருவார், பிறகு அவருக்கு வேறு ஊர்.

வாருங்கள். பாலைப்பழம் முடியப் போகிறது.

பத்மா

*

வவுனியா,
23.7.1963

என் அன்புள்ள பத்மா,

ஞாயிறு பின்னேரம் இருட்ட முன்னமே வீடு வந்து சேர்ந்தேன். அக்கா வாசலில் நின்றா. என்னைக் கண்டதும் அவா கேட்ட முதல் கேள்வி, "உயிரோடையோ வந்தனி?" இரண்டாவது, "அவள் எப்பிடி இருக்கிறாள்?" நீ தந்த பாலைப்பழத்தைக் கொடுத்தேன். ஏழெட்டுத் தின்றா. அரை மணித்தியாலம் வீட்டில் பேச்சு இல்லை.

நேரில் இருந்தது ஓர் இரவும் ஒரு காலையும்தான். நீயே எல்லாம் பேசினாய், ஏசினாய், ஏசிக்கொண்டே சோறு போட்டாய். நான் உன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன், நீ கண்டிருப்பாய். வழியில் நடந்ததைச் சொல்ல நினைத்தேன், உன் ஏச்சுக்குள் இடம் கிடைக்கவில்லை. எழுதுகிறேன்.

வீதியடியில் நானா நின்றார். நான் கால் மணித்தியாலம் அசையவில்லை. அவர் அவசரப்படுத்தவில்லை. பிறகு தன் சைக்கிளை எனக்கு வலப்பக்கமாக உருட்டி வந்து, "வாங்க தம்பி. லொறி வந்தா முதல்ல என்ர சீலைப் பொட்டணிதான் அடிபடும். அதில முழுக்கக் கலியாணச் சீலை, நான் விடமாட்டன்" என்றார். சிரித்துக்கொண்டு கடந்துவிட்டேன். கடந்த பிறகுதான் கடந்தது தெரிந்தது.

புளியடிக்குளக் கட்டில் ஏறி மிதித்தபோது முதுகுக்குப் பின்னால் ஒரு சத்தமும் இல்லை. பழக்கதோஷத்தில் நாலைந்து தரம் திரும்பிப் பார்த்தேன். கட்டும் தண்ணீரும் கொக்குகளும்தான். பிறகு திரும்பிப் பார்க்க மறந்துவிட்டேன். பிள்ளையாருக்குக் குழை முறித்து வைத்தேன். கற்படிமலையில் நேரம் போனது என் குற்றம். அந்த எழுத்து வெட்டின கல்லில் கடுதாசியை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்தேன். ஒரு எழுத்தும் விளங்கவில்லை. இடப்பக்கம் சாய்ந்த எழுத்துகள். உன் எழுத்தும் எனக்கு முதலில் விளங்கவில்லைத்தானே.

அதனால் விளாங்குளத்துக்கு வர நாலு மணி. கட்டில் ஏறுகிறேன், அவர் நிற்கிறார். தண்ணீர் ஓரத்து அலைகரையில் இல்லை, கட்டிலேயே, நூற்றைம்பது அடி தூரத்தில், குறுக்கே. ஒரு கொம்பு பாதியில் முறிந்திருந்தது. நான் இறங்கினேன். சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கடிதத்தில் எத்தனை தரம் "நிற்க" எழுதியிருக்கிறேன், அன்றுதான் உண்மையாக நின்றேன்.

முக்கால் மணித்தியாலம் நின்றிருப்பேன். அவர் என்னைப் பார்த்தார். மண் அள்ளித் தன் முதுகில் போட்டார். திரும்பப் பார்த்தார். பயம் இருந்தது பத்மா, இல்லையென்று பொய் சொல்லமாட்டேன். ஆனால் திரும்பி ஓட நினைக்கவில்லை. அன்று வீதியில் எனக்கு இறங்க நேரம் கிடைக்கவில்லை, யோசிக்க நேரம் கிடைக்கவில்லை. இவர் எனக்கு முக்கால் மணித்தியாலம் தந்தார். பிறகு மெல்லக் கட்டால் இறங்கித் தண்ணீருக்குப் போனார். வழி விட்டுவிட்டார். நான் சைக்கிளில் ஏறினபோது கண்ணால் தண்ணீர் ஓடியது. நாலாவது குளம் வரை துடைக்கவில்லை, பார்க்க ஆள் இல்லைத்தானே.

ஞாயிறு திரும்பும்போது துரிசடி வரை பாரில் வருகிறேன் என்று நீயாக ஏறி இருந்தாய். அந்தக் கால் மைலில் கைபிடி நேராக நிற்கவில்லை, உனக்குத் தெரிந்திருக்கும். நீ உன் வலது கையை எடுத்து என் கைக்கு மேல் வைத்தாய். அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

இனிப் பாரம். நான் வந்து "வா" என்று சொல்ல வேண்டும் என்று எழுதியிருந்தாய். நான் அதைச் சொல்லவில்லை. மறந்து போய் அல்ல. ஞாயிறு விடிய எழுத்துக் காட்ட உன் வாசலுக்கு வந்த பிள்ளைகள் இடது கையால் எழுதும் ரீச்சரைப் பார்க்கிற பார்வையைப் பார்த்தேன். நிரந்தரம் என்று எழுதிக் கையொப்பம் வை. உன் ஊருக்குக் கிட்ட, நெடுங்கேணிப் பக்கம் நில அளவை முகாம் போடுகிறார்கள். படவரைஞர் ஒருவர் வேண்டுமாம். பெரியவருக்குப் பயந்து கந்தோரில் ஒருவரும் பேர் கொடுக்கவில்லை. நான் நேற்றுக் கொடுத்தேன். மாரி தொடங்க முன் வந்துவிடுவேன். அதுவரை ஒன்றுவிட்ட சனிக்கிழமைகளில் கட்டு வழியால் வருவேன்.

இத்துடன் வழியின் படம் வைத்திருக்கிறேன். கந்தோர் மேசையில் கீறிக்கொண்டிருந்தபோது பெரிய துரை எட்டிப் பார்த்தார். விளாங்குளத்துக்குப் பக்கத்தில் நான் எழுதியிருந்ததைக் காட்டி, "உது ஆர் ஐசே பெரியவர்? காணிச் சொந்தக்காரனோ?" என்று கேட்டார்.

"ஓம் சேர், பழைய சொந்தக்காரர்" என்றேன்.

உன்
நாதன்

*

கருங்காலிமடு,
28.7.1963

அத்தான்,

பாரத்தை அனுப்பிவிட்டேன். நிரந்தரம் என்று எழுதினேன்.

படம் கரும்பலகைக்குப் பக்கத்தில் தொங்குகிறது. பிள்ளைகள் தங்கள் வீட்டை அதில் தேடுகிறார்கள். ஒரு வீட்டைத்தான் கீறியிருக்கிறீர்கள், யன்னலுக்கு நீலமும் அடித்து. மற்ற வீடுகளையும் கீறச் சொல்கிறார்கள்.

சைக்கிள் பாருக்கு ஒரு சின்ன மெத்தை தைத்து வைத்திருக்கிறேன். தையல் நேராக இருக்கும். அது இடது கை.

இந்தக் கடிதம் வலது கை. பின்னேரம் முழுக்க இருந்து எழுதினேன், இடையிடையே ஆறவிட்டு. எழுத்தெல்லாம் கோணல். முகத்தைத் திருப்பாமல் வாசியுங்கள்.

பத்மா